நாய் கடித்தது எந்தச் செடி?

வீட்டுச் செடிகளும் நாய்களும் பற்றி வந்த கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு நாலு மாதம். ஹாலில் தொங்கும் மணி பிளான்ட்டில் இரண்டு இலையைக் கடித்துத் துப்பிவிட்டது. உடனே எச்சில் கொட்ட ஆரம்பித்து, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தது. மாலைக்குள் சரியாகிவிட்டது. கேட்டால் ஒருவர் 'கொடிய விஷம்' என்கிறார், இன்னொருவர் 'ஒன்றும் ஆகாது' என்கிறார். செடியைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா டாக்டர்?
– வாசகி, தாம்பரம்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, உங்கள் குட்டிக்கு நடந்ததும் அதேதான். மணி பிளான்ட்டும் கருணையும் சேம்பும் ஒரே குடும்பம். இந்தச் செடிகளின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக் கட்டாக அடைந்து கிடக்கிறது. பல் பட்டு அந்தத் திசு உடைந்ததும் ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் தொண்டையிலும் குத்தி நிற்கும். எச்சில் ஒழுகுவதும் வாயைத் தேய்ப்பதும் அந்த எரிச்சலால்தான்.

இந்த ஊசிகள் தண்ணீரில் கரையாதவை. அதனால் ரத்தத்தில் கலந்து உள்ளுறுப்புகளைத் தாக்குவதில்லை. தொல்லையெல்லாம் பெரும்பாலும் வாயோடும் வயிற்றோடும் முடிந்துவிடும். முதல் கடியிலேயே எரிவதால் எந்த நாயும் வயிறு முட்டத் தின்பதில்லை. மணி பிளான்ட் தின்று நாய் இறப்பது மிக அரிது. பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சை அடைத்துவிடக்கூடாது. பக், ஷிட்சு போன்ற மூக்கு சப்பையான இனங்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சுவழி குறுகல். அவற்றுக்கு இந்த ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம்.

அடுத்த முறை நடந்தால் முதலில் வாயில் மிச்சமிருக்கும் இலைத் துணுக்குகளை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் துடையுங்கள். குழாயைத் திறந்து தொண்டைக்குள் நேரே தண்ணீர் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு கெட்டித் தயிர் கொடுங்கள். சின்ன நாய்க்கு ஒரு தேக்கரண்டி, லேப்ரடார் அளவு நாய்க்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். தயிரின் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும். தயிர் இல்லையென்றால் இரண்டு மடக்கு பால். அதற்கு மேல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு தனியாக வரும். கண்ணில் சாறு பட்டிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் சாதாரணத் தண்ணீரால் விடாமல் கழுவுங்கள்.

உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. நாயின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பே வந்துவிடும். அது போக, குத்திய ஊசிகள் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை கிழிக்கும். இந்தக் குடும்பச் செடிகளுக்கு வாந்தி எடுக்க வைப்பது சிகிச்சையே அல்ல. வலி தெரியாமல் இருக்கட்டும் என்று பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. மணி பிளான்ட் செய்யாத கேட்டை அந்த மாத்திரை செய்துவிடும்.

கருணைக்கிழங்குக்குப் புளி சேர்த்தால் அரிப்பு அடங்குகிறதே, நாய்க்கும் கொஞ்சம் புளித்தண்ணீர் கொடுத்தால் என்ன என்று சமையல் தெரிந்தவர்களுக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. திராட்சை நாய்களுக்கு விஷமாவதற்கும் இதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021 முதல் சொல்லி வருகிறார்கள்.

பெரும்பாலான நாய்கள் சில மணி நேரத்தில் தேறிவிடும், அதிகம் போனால் ஒரு நாள். மூச்சில் குறட்டை போலச் சத்தம் வந்தாலோ, நாக்கு வெளியே தள்ளி வீங்கினாலோ, மூன்று தடவைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் தவித்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது.

செடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தொங்கும் கொடியை நாய் பின்னங்காலில் நின்றாலும் எட்டாத உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டுகளைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். உங்கள் குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும் காலம், எது கிடைத்தாலும் கடிக்கும். நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் உறைய வைத்த துணியோ, குளிர்ந்த முழுக் கேரட்டோ பக்கத்தில் இருந்தால் இலை மீது கண் போவது குறையும். கசப்பு ஸ்பிரேயை நம்பி மட்டும் இருக்காதீர்கள். சில நாய்கள் அதை நக்கிவிட்டு இலையையும் தின்னும்.


கேள்வி: மணி பிளான்ட்டைப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம். நாய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டது.
– வாசகர், ஈரோடு

பதில்: ஊசிகள் தண்ணீரில் கரைவதில்லை என்பதால் கவலை இல்லை. திரவ உரம் எதுவும் கலந்திருந்தால் அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாய் தட்டிவிட்டு உடைந்த கண்ணாடிதான் இதில் அதிகம் காயப்படுத்தும். ஆனால் அரளிப் பூவைப் போட்டு வைத்த தண்ணீருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அதன் விஷம் தண்ணீரில் இறங்கும்.


கேள்வி: காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி, லக்கி பாம்பூ மூன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் ராஜபாளையம் நாய். மூன்றும் பாதுகாப்பானவையா?
– வாசகர், கோவை

பதில்: மூன்றுமே நாய்க்கு ஆகாதவை, ஆனால் மூன்றும் ஒரே மாதிரி அல்ல. பீஸ் லில்லி, பெயரில்தான் லில்லி; அதுவும் சேம்புக் குடும்பம்தான். மேலே மணி பிளான்ட்டுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். டிஃபன்பேக்கியா, சிங்கோனியம், ஆக்லோனிமா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், இசட் இசட் பிளான்ட் எல்லாம் இந்த வரிசைதான். இவற்றில் டிஃபன்பேக்கியாவின் எரிச்சல் கூடுதல்.

ஸ்நேக் பிளான்ட்டிலும் லக்கி பாம்பூவிலும் இருப்பது சப்போனின். பூந்திக்கொட்டையில் நுரை வரவைக்கும் பொருளும் அந்த வகைதான். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாட்டில் வெறுப்பு என்று ஒரு நாள் படுத்தும். தண்ணீர் குடிக்க வைத்து, அரை நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும் கொடுத்தால் போதும். குட்டியாக இருந்தால் பட்டினி போடாதீர்கள், சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தியில் ரத்தம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். லக்கி பாம்பூ மூங்கிலே அல்ல, டிரசீனா இனம். நிஜ மூங்கில் நாய்க்கு ஒன்றும் செய்யாது.

காற்றைச் சுத்தப்படுத்தும் பேச்சு 1989-ல் நாசா செய்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் செடியை அடைத்துப் பார்த்த சோதனை அது. ஜன்னல் திறந்திருக்கும் நம் வீட்டுக்கும் அதற்கும் ரொம்ப தூரம். அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.


கேள்வி: நாய்க்குச் சொறி வந்த இடத்தில் சோற்றுக்கற்றாழை தடவுகிறோம். நக்கிவிடுகிறது. கெடுதலா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உள்ளே இருக்கும் தெளிந்த சோறு கெடுதல் இல்லை. தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே வடியும் மஞ்சள் பால்தான் வம்பு. அதைக் காய்ச்சி இறுக்கினால்தான் கரியபோளம், நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு விற்பது. மனிதக் குடலை என்ன செய்யுமோ அதையே நாயின் குடலிலும் செய்யும். மடலை வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி பதினைந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், மஞ்சள் வடிந்துவிடும். தோலைத் தடிமனாகச் சீவி, சோற்றை மூன்று தண்ணீரில் அலசித் தடவுங்கள். காய்கிற வரை இருபது நிமிடம் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போனால் நக்காது. தொட்டிச் செடியையே கடித்துத் தின்றிருந்தால் வயிற்றுப்போக்கு வரும், சோர்ந்து படுக்கும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே முக்கிய வேலை.


கேள்வி: மாடித் தோட்டத்தில் அடீனியம் பத்துத் தொட்டி வைத்திருக்கிறேன். நாயும் மாடியில்தான் இருக்கும். நர்சரியில் 'ஒன்றும் ஆகாது' என்றார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: நர்சரிக்காரர் தவறாகச் சொல்லியிருக்கிறார். மணி பிளான்ட்டைக் கண்டு பயந்துவிட்டு மாடியில் அடீனியத்தை அடுக்கும் வீடுகள்தான் எனக்குக் கவலை. அடீனியம் அரளியின் நெருங்கிய உறவு. ஆப்பிரிக்காவில் இதன் பாலை அம்பு முனையில் தடவி வேட்டையாடினார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். அரளி, மஞ்சள் அரளி, அடீனியம் மூன்றிலும் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடு என்ற நச்சுகள். இலை, பூ, தண்டு, வேர் எதுவும் விலக்கல்ல. மஞ்சள் அரளி விதையைப் பற்றித் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலில் வாந்தியும் எச்சிலும்தான் வரும், சாதாரண அஜீரணம் மாதிரியே தெரியும். சில மணி நேரம் கழித்து நாய் தள்ளாடும், ஈறு வெளுக்கும், துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ போகும். பின்தொடையின் உட்பக்கத்தில் விரலை வைத்தால் நாடி தெரியும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் பெரிய நாய்க்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 100 முதல் 140 என்பது இயல்பு. மூச்சை இழுக்கும்போது வேகம் கூடி, விடும்போது குறைவது நாய்க்கு இயற்கை, அதைக் கண்டு பதற வேண்டாம். மூச்சோடு ஒட்டாமல் விட்டு விட்டுத் துடித்தால்தான் ஆபத்து.

இந்தச் செடிகளில் ஒன்றைத் தின்றது உறுதியானால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, செயலூட்டிய கரி கொடுத்து விஷத்தின் பெரும்பகுதியை வெளியேற்ற முடியும். அதன் பிறகு ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே துடிப்புக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஈ.சி.ஜி. வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போகும்போது செடியின் ஒரு கிளை, வாந்தியின் மாதிரி, தின்ற நேரம், நாயின் எடை நாலும் கையில் இருக்கட்டும். 'ஏதோ ஒரு செடி' என்று வந்தால் முதல் அரை மணி நேரம் கேள்வி கேட்பதிலேயே போய்விடும்.

அடீனியத்தைக் கவாத்து செய்யும்போது வடியும் பாலும், வெட்டிப் போட்ட துண்டுகளும் செடியைவிட எளிதாக நாயின் வாய்க்குக் கிடைக்கும். சாமி படத்திலிருந்து எடுத்த அரளி மாலையைத் திறந்த குப்பைக்கூடையில் போடுவதும் அப்படித்தான். பத்துத் தொட்டியையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கம்பி வலை அடித்துத் தனியே பிரியுங்கள். இல்லையென்றால் நாய் கீழே இருக்கட்டும்.


கேள்வி: வாசலில் சைகஸ் வைத்திருக்கிறோம், சேகோ பாம் என்கிறார்கள். ஜவ்வரிசி இதிலிருந்து வருவதுதானே, பயமில்லையே?
– வாசகர், சேலம்

பதில்: சேலத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது! உங்கள் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவு. சைகஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சைகஸ் பாம் வகையும் இல்லை.

இந்தப் பகுதியில் வந்த செடிகளிலேயே என்னைக் கேட்டால் நாய் இருக்கும் வீட்டில் இருக்கவே கூடாதது இதுதான். சைகசின் என்ற நச்சு எல்லாப் பாகத்திலும் உண்டு, விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொல்லப் போதும். பெண் செடி முதிர்ந்தால்தான் ஆரஞ்சு நிற விதை வரும் என்று சும்மா இருக்க முடியாது. குட்டிகள் அடித்தண்டைப் பிராண்டித் தின்னும்.

ஏமாற்றுவது இதன் போக்கு. சில மணி நேரத்தில் வாந்தி வரும், பிறகு நாய் தேறிவிட்டது போலிருக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழந்து, ஈறும் கண்ணும் மஞ்சளாகி, மலம் கறுத்து வரும்போது கொண்டுவருவார்கள். அதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். ஆகவே தின்றது தெரிந்தால் நாய் ஓடி ஆடிக்கொண்டிருந்தாலும் அன்றே கொண்டுபோங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையை முதல் நாளோடு விடாமல் இரண்டாம், மூன்றாம் நாளும் எடுக்கச் சொல்வார்கள். செலவைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.


கேள்வி: செடியைத் தொடுவதே இல்லை, தொட்டி மண்ணை மட்டும் தோண்டித் தின்கிறது எங்கள் நாட்டு நாய். ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: மண்ணில் என்ன உரம் போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எலும்புத்தூளும் மீன் அமிலமும் நமக்கு நாற்றம், நாய்க்கு விருந்து. எலும்புத்தூளை நிறையத் தின்றால் வயிற்றுக்குள் சிமென்ட் போல இறுகி அடைத்துக்கொள்ளும், சமயத்தில் அறுவை சிகிச்சை வரை போகும். அதைவிட மோசமானது ஆமணக்குப் புண்ணாக்கு. எண்ணெய் பிழிந்த பிறகும் ரிசின் என்ற நச்சு சக்கையில் தங்கிவிடும். சூடு போட்டு நச்சு நீக்காத புண்ணாக்கில் அது அப்படியே இருக்கும். பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வரும். எலும்புத்தூளோடு கலந்து போட்டால் நாயே தேடிப் போய்த் தின்னும். கடலைப் புண்ணாக்கு பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். நாயின் கல்லீரல் அதைத் தாங்காது. நத்தை மருந்தும் குருணை மருந்தும் நாய் நடமாடும் இடத்தில் எந்த அளவிலும் கூடாது. தின்ற சில நிமிடம் முதல் சில மணி நேரத்துக்குள் உடல் உதறி வலிப்பு வரும்.

நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரத்துக்கு மாறுங்கள். தொட்டி மேல் நாயின் வாய்க்குள் போகாத அளவு பெரிய கூழாங்கல்லைப் பரப்புங்கள். உரம் மாற்றிய பிறகும் மண் தின்றால் ரத்தசோகை, குடற்புழு இரண்டுக்கும் பரிசோதியுங்கள். உண்ணி அதிகம் உள்ள நாட்டு நாய்களில் ரத்தசோகை சாதாரணம்.


கேள்வி: கற்பூரவள்ளி இலையைச் சளிக்கு நாய்க்கும் கொடுக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கூடாது. குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று கொடுக்கிறார்கள். அதன் வாசனை எண்ணெய் நாய்க்கு வாந்தி, பேதி வரவைக்கும். ரணகள்ளியும் அப்படியே, சிறுநீரகக் கல்லுக்கு மனிதர்கள் மெல்லும் அந்த இலையில் நாயின் இதயத்தைத் தொடும் நச்சு இருக்கிறது. நித்தியகல்யாணியும் வேண்டாம். துளசி தின்றால் பரவாயில்லை.


கேள்வி: சரி, எதைத்தான் வைப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அரிகா பாம், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, பெப்பரோமியா. வெளியே ரோஜா, மல்லிகை. இவற்றையும் நிறையத் தின்றால் ஒரு வாந்தி வரலாம், புல் தின்றால் வருவது போல. அரிகா பாம் என்றால் பாக்கு மரம் அல்ல. பாக்கில் உள்ள அரிகோலினை ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு பேதி மருந்தாகவே கொடுத்தார்கள், எனவே பாக்கைக் கீழே போடாதீர்கள்.

பெயரை நம்பி வாங்குவதில்தான் சறுக்கல். இரவு மல்லி என்று விற்கும் செடி மல்லிகை இனம் அல்ல, விஷமுள்ளது. ஊதா, இளம் ஊதா, வெள்ளை என்று நாளுக்கு ஒரு நிறம் மாறும் 'எஸ்டர்டே டுடே டுமாரோ' செடியின் காயை நாய்கள் விரும்பித் தின்னும். உடல் விறைத்து வலிப்பு வரும், எலி மருந்து தின்றதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு. நர்சரியில் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்கி, தொட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் நாய்க்குப் பச்சை மேல் ஆசை அடங்கவில்லையென்றால் ஒரு தட்டில் கோதுமையை ஊற வைத்து மண்ணில் தூவுங்கள். எட்டுப் பத்து நாளில் விரலளவு புல் வரும். அந்தத் தட்டைத் தரையில் வையுங்கள், மற்றதெல்லாம் உயரத்தில் இருக்கட்டும்.